நான்காவது மூச்சு

குளிர் முற்றிவிட்டால் மூச்சுக்குச் சத்தம் வந்துவிடும். வாயிலிருந்து போன ஆவி காற்றிலேயே உறைந்து, மாவு சலிப்பதுபோல் சரசரவென்று உதிரும். எங்கள் மலையில் பிறந்தவர் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. உலியானாவும் அப்படித்தான் காலையிலிருந்து நடந்தாள். தன்னுடையது ஒன்று. கையில் பிடித்த கயிற்றின் மறுமுனையில் வந்த சாம்பல் நிறக் கலைமானுடையது, கனமாக ஒன்று. மான் முதுகில், தொட்டில் சேணத்தில் வார் போட்டுக் கட்டியிருந்த நான்கு வயது மகள் தேக்லாவுடையது, பொடிப்பொடியாக ஒன்று. உறைந்த ஆற்றில் இறங்கியபோது நான்காவதாக ஒன்று கேட்டது.

நின்றாள். மானும் நின்றது. மானுக்கு அந்தப் பக்கம், ஆள் உயரத்தில், பாதியில் தடுக்கி மறுபடி தொடரும் மூச்சு.

அந்தத் தடுக்கல் அவளுக்குத் தெரியும். இலையுதிர்காலம் முழுக்கக் கூடாரத்தில் விழித்துக்கிடந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், நின்றுவிடக் கூடாதே என்று. முதல் பனி விழுந்த வாரம் அது நின்றுபோனது. அவள் கணவன் சவ்வாவுக்கு நெஞ்சுச் சளி.

புதைத்த அன்று கொழுந்தன் நிகோன் கத்தியோடு வந்து சாம்பல் மானின் கயிற்றைப் பிடித்தான். செத்தவன் ஏறிய மானை அவன் கூடவே அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை மலையையும் அவன் நடந்தா கடப்பான்?

"வேற ஒண்ணைப் பிடி, தம்பி," என்றாள் உலியானா.

"அண்ணனுக்கு இதுதான் பழக்கம், அண்ணி. வேற எது மேல ஏறினாலும் குப்புற விழுவாருன்னு நீங்கதானே கிண்டல் பண்ணுவீங்க."

"பிள்ளையைச் சுமக்க இதைவிட்டா சாதுவானது எது இருக்கு? ஆத்தைத் தாண்டணும், கணவாய் ஏறணும். உங்க அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு."

நிகோன் வேறொரு மானை அறுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே அறுத்தான்.

இப்போது அவன் மந்தையோடு முன்னால் கணவாய்க்குப் போய்விட்டான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே இந்த ஆறு. இந்த மலைகளில் ஆறு அடிமட்டம் வரை உறைந்துவிடும். போக்கிடம் இல்லாத நீர் பனிக்கட்டியைப் பிளந்து மேலே வந்து, பள்ளத்தாக்கின் இரு பாறைச் சுவர்களுக்கும் இடையில் பரவி மறுபடி உறையும். வெடிப்புகளிலிருந்து ஆவி எழுந்து மூடுபனியாகத் தேங்கியிருந்தது. நண்பகல்தான், ஆனாலும் மானின் கொம்பு தெரியவில்லை. ஈரக் கல்லின் வாடை. அதோடு சவ்வாவின் புகையிலை வாடை.

டக். மானுக்கு அந்தப் பக்கம் பனிக்கட்டியில் ஊன்றுகோல் பட்டது.

டக்.

"அம்மா," என்றாள் தேக்லா. "அப்பாவுக்குக் கால் வலிக்குதாம்."

"பேசாதே கண்ணு. வாய்க்குள்ள குளிர் போயிடும்."

"நடந்து நடந்து செருப்பு கிழிஞ்சுபோச்சாம். ஏத்திக்கலாமா?"

பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. பாவி, அவன் ஏறிப் பழகிய மானைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாளே. கண்ணீர் இமையிலேயே உறைந்து கண் ஒட்டிக்கொண்டது.

தேய்த்துத் திறந்தாள். சேணம் முனகியது. மானின் முதுகு தாழ்ந்தது. தேக்லா மெல்லப் பின்னால் சாய்ந்தாள், யார் மார்பிலோ சாய்வதுபோல்.

உலியானா கையுறையைக் கழற்றி எறிந்தாள். வார் உறைந்திருந்தது. விரல் மரத்தது. பல்லால் இழுத்தாள். அவிழ்ந்தது. பிள்ளையை வாரி ரோமக் கோட்டுக்குள் இட்டுக்கொண்டு கயிற்றை விட்டாள்.

"எடுத்துக்கோங்க. உங்க மான்தான், நான்தான் தரல. பிள்ளையை மட்டும் விட்டுடுங்க."

மான் திரும்பியது. மூடுபனிக்குள் போனது. கழுத்துமணி மட்டும் கேட்டது.

அவள் ஓடினாள். விழுந்தாள். ஏறினாள். சரிவில் பாதி ஏறியதும் மூடுபனி காலுக்குக் கீழே போய்விட்டது. மேலே நிகோன் மூட்டிய நெருப்பு. அவன் கையசைத்து இறங்கி வந்துகொண்டிருந்தான். அப்பாடா என்று பனியில் உட்கார்ந்து கோட்டைத் திறந்தாள்.

தேக்லா கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"அப்பா ஏறிட்டாரும்மா."

அந்த உதட்டிலிருந்து ஆவி வரவில்லை.

உலியானா தன் மூச்சை அடக்கினாள். சரசரப்பு இல்லை. குழந்தையின் வாயில் காதை வைத்தாள். இல்லை. குழந்தை சிரித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே, மூடுபனிக்குள், மணியோசை விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதோடு ஒரு மூச்சு, இப்போது எங்கும் தடுக்காமல். அதன் பக்கத்தில், பொடிப்பொடியாக, இன்னொன்று.