துருத்திக்கு இட்ட குங்குமம்

மூன்று நாளாக ஞானாம்பாளுக்கு இழுப்பு இல்லை.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். சுந்தரராமன் அப்படியில்லை, நல்லது நடந்தாலும் முறைத்துப் பார்க்கிற ஜன்மம். பதினெட்டு வருஷமாக ஐப்பசி ஈரம் தட்டினால் போதும், சிட்லபாக்கத்து ஏரிக்காற்று ஜன்னலுக்குள் வந்தால் போதும், அவர் மனைவி தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து ராவெல்லாம் மூச்சுக்குத் திண்டாடுவாள். இப்போதோ கூடம் முழுக்க டர்பன்டைன் நாற்றம். அது மூக்கில் பட்டாலே இருமுகிறவள், காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

நாற்றத்துக்குக் காரணம் படம். பம்மலில் இரும்பு வார்க்கிற பட்டறை வைத்திருந்த முனிரத்தினம் புது ஆபீஸ் திறக்கப்போகிறார். அதன் சுவருக்கு ஆறடி ஆயில் பெயின்டிங் வேண்டுமாம். ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் சுந்தரராமனுக்கு இப்படி ஒரு வேலை எங்கே கிடைக்கும்? மாதிரிக்கு முனிரத்தினம் ஒரு பழைய வெளிநாட்டுக் காலண்டர் தாளை நீட்டினார். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ வரைந்த படம்: ஈயத்தைத் தங்கமாக்கப் பார்க்கிற ரசவாதிக் கிழவன், கரி படிந்த சுவர், குடுவைகள், நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஓர் உலை, அதற்குக் காற்று ஊதப் பெரிய தோல் துருத்தி.

"பட்டறைக்காரன் ஆபீஸ்ல ரோஜாப்பூ மாட்டினா நல்லாவா கீது? உலைதான் சார் நமக்கு சாமி. பாக்கறவனுக்கு மூஞ்சி காயணும், அப்டி போடு. விஜயதசமியன்னிக்கு வந்து எடுத்துக்கினு போறேன்."

தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, கான்வாஸில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றினார் சுந்தரராமன். ஞாயிற்றுக்கிழமை துருத்தி இருந்த கட்டங்களை முடித்தார். அன்று ராத்திரியே இழுப்பு நின்றது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி ஓய்ந்து, பக்கத்து வீட்டு ரேடியோ ஓய்ந்து, தூரத்தில் தாம்பரம் பக்கம் போன மின்சார ரயிலின் தடதடப்பும் தேய்ந்து போனபிறகு, கூடத்தில் சாயம் குழைத்துக்கொண்டிருந்தவர் காதில் அந்த மூச்சு விழுந்தது: நிதானமாக உள்ளே இழுத்து, நிதானமாக வெளியே விடுகிற, ஒரு பிசிறும் இல்லாத மூச்சு. அடடா, என்ன சுகமாகத் தூங்குகிறாள்! பக்கத்தில் நின்று கேட்கலாம் என்று எழுந்து உள்ளறைக்குப் போனார்.

போகப் போகச் சத்தம் குறைந்தது.

உள்ளே ஞானாம்பாள் மல்லாந்து படுத்திருந்தாள். புடவைத் தலைப்பு மார்மேல் அசையவில்லை. குனிந்து மூக்கடியில் விரலை வைத்தார். ஒன்றுமில்லை. கன்னம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், கூடத்தில், மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. கூடவே லேசாகக் கரிப்புகை வாசனை.

"ஞானம்!"

கண்ணைத் திறந்தாள். "ஏன்னா இப்படிக் கத்தறேள்? எத்தனை நாள் கழிச்சு நன்னாத் தூங்கறேன், அது பொறுக்கலையா?"

அவள் பேசின மட்டும் கூடம் அமைதியாக இருந்தது. பேசி முடித்தாள். மறுபடி ஆரம்பித்தது.

சொல்லவில்லை அவர். பயந்தால் இழுப்பு வரும் என்பது டாக்டர் சொன்ன பாடம். இதற்கு எந்த டாக்டரிடம் போவது? ஒன்று மட்டும் தெரிந்தது: படம் வீட்டை விட்டுப் போகக்கூடாது. பம்மலில் யாரோ ஒருவன் ஆபீஸ் சுவரில் அவள் மூச்சை ஆணியடித்து மாட்ட விடுவதா? முனிரத்தினம் தலைகீழாக நின்றாலும் கொடுப்பதில்லை. அவள் நன்றாயிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ராத்திரி கூடத்திலேயே பாயைப் போட்டு, ஒவ்வொரு மூச்சையும் கேட்டபடி கிடந்தார்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. சாயங்காலம் விளக்கேற்றியாயிற்று. புஸ்தகம், பிரஷ், சாயத்தட்டு எல்லாவற்றையும் கோலத்தின் மேல் மணையில் ஞானாம்பாள் அடுக்கியிருந்தாள். தூக்கமில்லாமல் கண் எரிய, வருஷா வருஷம் செய்கிற காரியம் என்று அவர் கை பாட்டுக்குச் செய்துகொண்டு போயிற்று. பிரஷ்ஷுக்குச் சந்தனம், குங்குமம். தட்டுக்குச் சந்தனம், குங்குமம். மணையில் வைக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்த கான்வாஸுக்கும் வைத்தார். உலைக்கு ஒரு பொட்டு. துருத்திக்கு ஒரு பொட்டு. கற்பூரம் காட்டினார்.

ஞானாம்பாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்பாடா. இனிமே நாளைக்குப் புனர்பூஜை ஆறவரைக்கும் எதையும் தொடப்படாது. எல்லாம் ஓய்வு எடுத்துக்க..."

வாக்கியம் முடியவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

கூடத்தில் அந்த மூச்சும் இல்லை.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ! நானே பொட்டு வைத்தேனே, என் கையாலேயே ஓய்வு கொடுத்தேனே!

பாய்ந்துபோய்க் குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். ஆயில் பெயின்ட். நாலு நாளில் காய்ந்திருக்குமா? குங்குமத்தோடு சாயமும் வந்தது. தோல் வந்தது. மடிப்பு வந்தது. இன்னும் துடைத்தார். துருத்தி இருந்த இடத்தில் பென்சில் கட்டம்தான் மிச்சம்.

பின்னால் தொப்பென்று சத்தம்.

கோலத்தின் மேல் கிடந்தாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது. அவரைத்தான் பார்த்தது.

மண்டியிட்டார். இரண்டு கையையும் மார்மேல் வைத்து அழுத்தினார். விட்டார். அழுத்தினார்.

அவள் வாயில் மூச்சு வந்தது. சூடாக. கரிப்புகை நாறியது.

சுவரோரம் வெளிச்சம் ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்தார். அழுத்தினால் படத்தில் உலை பழுத்தது. விட்டால் கறுத்தது. ஒரு தடவை கையை எடுத்துப் பார்த்தார். உலை அணைந்துகொண்டு வந்தது. அவள் கண்மணியும் மேலே ஏறியது.

அழுத்தினார்.

நீல உதடு அசைந்தது. சத்தமில்லை. ஆனாலும் புரிந்தது. விடாதேங்கோ.

வாசலில் யாரோ சுண்டலுக்குக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. மணி ஏழுகூட ஆகவில்லை; புனர்பூஜைக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. முழங்கைக்கு மேலே கை மரத்துக்கொண்டு வந்தது. அழுத்தினார். விட்டார். அழுத்தினார்.