கரி படியாத இடம்

மத்தியானம் பெருக்கித் துடைத்த சிமென்ட் தரையில் பொழுது சாய்வதற்குள் மறுபடியும் கரி படிந்திருந்தது. அது புதிதில்லை. சுவரோரம் ஓர் இடத்தில் மட்டும் படியாமல் இருந்ததுதான் புதிது. மரகதம் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். காலை மடக்கி, ஒருக்களித்து ஒரு பிள்ளை படுத்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ, அவ்வளவு இடம் சுத்தமாக இருந்தது.

கங்கா அப்படித்தான் படுப்பாள். ஆடி மாதம் இருமி இருமிச் செத்துப்போன மூத்தவள்.

குவைத்துச் சண்டையில் எண்ணெய் விலை ஏறிய சமயம், தை மாதம், பென்னலூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலைக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை எழும்பியது. அறுந்த செருப்பு, உடைந்த பக்கெட்டு, பால் கவர், ஒயர்த் தோல் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். இரும்பு டிரம்மில் அடைத்து, அடியில் தீ மூட்டிக் காய்ச்சி, எண்ணெய் இறக்கிச் செங்கல் சூளைகளுக்கு விற்றார்கள். மயிர் கருகுவதும் எதுவோ தித்திப்பதும் கலந்த அந்த வாடை சோற்றில் இருந்தது, துவைத்துக் காயப்போட்ட துணியில் இருந்தது, கைப்பிள்ளை பிரசாந்தின் உச்சந்தலையில் இருந்தது. டிரம் பொருமும் சத்தம் சுவர் வழியாக வந்து படுத்தவர்களின் முதுகில் ஓயாமல் அதிர்ந்தது.

அந்த டிரம்முக்குத் தீ போடுகிறவன் அவள் புருஷன் தாண்டவராயன். ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் காட்டினாள்.

"இத பாருய்யா."

"இன்னா கீது அங்க? ஈரமா இருந்திருக்கும்."

"உங்க கொட்டாயில எரிக்கிற கரிதான வூடு பூரா?"

"எத்தினி வாட்டி சொல்றது? எரிக்கலடி, வேக வெக்கிறோம். இட்லி குண்டான் மாதிரி மூடி போட்டது. பொகை வெளிய வராதுன்னு சூப்பர்வைசரே சொல்றாரு."

"அப்ப உங்க சூப்பர்வைசர இங்க வந்து ஒரு நாளு பெருக்கச் சொல்லு."

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது. கை கழுவ எழுந்தவன், சுவரோரம் வந்ததும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அவள் அங்கே துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை. தினமும் சுற்றிலும் கரி கெட்டியாக விழுந்தது. அந்த இடம் அப்படியே இருந்தது. சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல், தலை இருந்த பக்கம் கையை வைத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு சாயங்காலம், பக்கத்தில் இன்னொரு இடம் சுத்தமாகத் தெரிந்தது. சின்னது. மல்லாந்தது. இரண்டு கையும் விரிந்து கிடந்தது.

பிரசாந்த் தூளியில் இருந்தான். தரையில் விட்டதே இல்லை.

தூளிக்குள் இருமல் கேட்டது.

"நா அக்கா வூட்டுக்குப் போறேன். நீயும் வா."

"வேலைய வுட்டுட்டு இன்னாத்த துன்றது?" என்றான் தாண்டவராயன். இரண்டாவது இடத்தை அவன் பார்த்துவிட்டான். அப்புறம் மெதுவாக, "பையன இட்டுக்கினு போ. இங்க வராத," என்றான்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் பிடித்து, காஞ்சிபுரத்தில் மாறி, உத்திரமேரூர் பக்கத்தில் அக்கா கிளியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே காற்றில் ஈர வைக்கோல் வாசனை. சுவர் அதிரவில்லை. அக்கா வெளுத்த வேட்டியை நாலாக மடித்து விரித்தாள். பிரசாந்த் இருமாமல் தூங்கினான். மரகதம், கங்கா போனபிறகு முதல் தடவையாக, அசந்து தூங்கினாள்.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கினாள்.

வேட்டியில் கரி. தலை, தோள், விரிந்த கை. விரல் விரலாக.

"இன்னாடி இது, புள்ளைக்குத் தண்ணி ஊத்தவே மாட்டியா?" என்றாள் கிளியம்மாள். வெந்நீர் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் தெளிவாக ஓடியது. வேறு வேட்டி விரித்துப் படுக்கவைத்தார்கள். எடுத்தார்கள்.

தலை. தோள். விரல்.

கிளியம்மாள் இன்னொரு துணி எடுக்கப் போகவில்லை.

மரகதம் குனிந்தாள். பிரசாந்த் அம்மாவைக் கண்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். நாக்கு கறுப்பு. அண்ணம் கறுப்பு. சிரித்துக்கொண்டே மூச்சு விட்டான்.

அவள் முகத்தில் மெல்லிசாகக் கரி படிந்தது.