காய்ந்த பல்லின் நிறம்

“இந்தப் பல்லு என்னோடது இல்லீங்க.”

மழையில் நனைந்த கோட்டோடு பல் செய்யும் கூடத்தின் வாசலில் நின்ற எஸ்கில், சிரித்துக் காட்டினான். அங்கே வேலை செய்யும் மாலின் சுட்டெடுத்த பீங்கான் உறை, பக்கத்துப் பல்லைவிட வெளுத்துத் தனியாக நின்றது.

“நாளன்னைக்கு சனிக்கிழமை எங்க அக்கா கல்யாணம். விருந்துல எல்லாரையும் பேசக் கூப்பிடுற வேலை என்னுது. ஊரே என் வாயைத்தான் பார்க்கும்.”

“குறிச்ச நிறத்துலதான் செஞ்சேன்,” என்றாள் வெடுக்கென்று. “நீங்க காபியைக் குறைங்க.”

“காபியிலேயே பொழுது விடியிற கோதன்பர்க் ஊர்க்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?”

நிறத்தைக் குறித்தவளும் அவளேதான். போன திங்கட்கிழமை, வழக்கமாக நிறம் குறிக்கப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று பல் மருத்துவமனைக்கு இவள் போனாள். எஸ்கிலின் உதடுகளை விலக்கி வைத்துவிட்டு, நிறம் பார்க்காமல் கால் மணி நேரம் வளவளவென்று பேசினாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை... அந்தச் சாம்பல் நிறக் கண்கள்தான் சிரித்தன...

உள்ளறையிலிருந்து முதலாளி குன்னெல் வந்தாள். “யாரு தப்பு, மாலின்?”

மாலினுக்கு இது வேலையில் சோதனை மாதம். ஏற்கெனவே ஒரு பல் வீண். இன்னொன்று என்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று குன்னெல் சொல்லியிருந்தாள்.

எஸ்கில் மாலினின் முகத்தைப் பார்த்தான். “என் தப்புதாங்க. நான்தான் வெள்ளையா கேட்டேன்.”

“அப்படின்னா புதுசு அடுத்த வாரம்தான்.”

தப்பித்தாயிற்று. ஆனால் சனிக்கிழமை வாயைப் பொத்திக்கொண்டு நிற்பானே...

“இல்ல குன்னெல். தப்பு என்னுது. இவர் வாயைத் திறந்து வெச்சுட்டு நான் பேசிட்டே இருந்தேன். பல்லு காஞ்சு வெளுத்துருச்சு. அந்த நிறத்தைக் குறிச்சுட்டேன்.”

“முதல் நாள் பாடம்டி அது. ஈரம் காயறதுக்குள்ள ஏன் பார்க்கலை?”

“அவர் கண்ணைப் பார்த்துட்டு இருந்தேன்...”

குன்னெல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள். “சனிக்கிழமைக்குள்ள புதுப் பல்லு செஞ்சு வை. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்.” உள்ளே போய்விட்டாள்.

எஸ்கில் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தான். “அன்னைக்கு வாய் திறந்தே இருந்தும் பதில் சொல்ல முடியலை. இப்பச் சொல்லட்டுமா?”

“முதல்ல வாயை மூடுங்க. பல்லு நனையணும்.”

மூடிக்கொண்டான். நிறம் ஒப்பிடும் மாதிரிப் பற்களை அவன் முகத்தருகே அவள் தூக்கிப் பிடித்தாள். அவன் அந்தக் கையைப் பற்றினான். பல் நனைந்த பிறகும் விடவில்லை.