சாரலுக்கு முதுகு காட்டி

"கீழ இறங்குனா கிழக்கு, மைனி. பேரே அதுக்குத்தானே—"

"நில்லுல ஆவுடை. இன்னும் ஒரு அடி வைக்காத—"

"—கீழ கிடக்க பக்கம் கிழக்கு, மேல கிடக்க பக்கம் மேக்கு. ஓடை கூடவே போனா ஊரு வந்துரும்."

வடிவு மூங்கிலின் பின்முனையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி தூக்கத் தெம்பு இராது. மூங்கிலில் கட்டிய சேலைத் தூளிக்குள் அவள் புருஷன் சங்கிலி கிடந்தான். தேனெடுக்க மலையேறி மூன்று நாளாகக் காணாமல் இருந்தவனை இன்று காலைதான் ஒரு குகை வாசலில் கண்டெடுத்தார்கள். முறிந்த கால் கறுக்கத் தொடங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேராவிட்டால் கால் போய்விடும். ஆளே போனாலும் போவான். அந்த நிலையிலும் தேன் தூக்குச்சட்டியை மட்டும் அவன் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

கொழுந்தன் சொன்னதில் பிழையில்லை. அவர்கள் ஊருக்கு மலை மேலே, வயல் கீழே. அப்படிப் பார்த்துத்தான் முன்னோர் திசைக்குப் பேர் வைத்தார்கள். மூடுபனியில் சூரியனைக் காணோம். அந்தப் பேரை நம்பி ஒரு மணி நேரமாக இறங்குகிறார்கள்.

ஆனால் இமையெல்லாம் சொட்டியது வடிவுக்கு. சாரல் மாதத்தில் கிழக்கு வயலுக்கு நடக்கும்போது நனைவது முதுகு. வீடு திரும்பும்போதுதான் சாரல் முகத்தில் அறையும்.

"சாரல் மேக்க இருந்துல்லா வரும்? அது என் மூஞ்சியில அடிக்கு. அந்தக் கணவாயில நுழைஞ்சோம் பாரு, அப்பவே மலையத் தாண்டிட்டோம். பேரு வச்சவங்க நம்ம பக்கம் நின்னு வச்சிருக்காங்க. இங்க கிழக்க போவணும்னா மேல ஏறணும்."

ஆவுடை இறங்கி வந்த சரிவை அண்ணாந்து பார்த்தான். மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பினான்.

ஏறினார்கள். வேரைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, பத்தடிக்கு ஒருமுறை நின்று ஏறினார்கள். சாரல் இப்போது முதுகை நனைத்தது. கணவாயைக் கடந்ததும் பனி கிழிந்தது. கீழே வெயில், வெயிலில் அவர்கள் ஊர்க் குளம். கூவக்கூட இருவருக்கும் மூச்சில்லை.

பொழுது சாயுமுன்னே ஊர் எதிர்கொண்டு வந்து தூளியை வாங்கிக்கொண்டது. கால் பிழைக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சங்கிலி தூக்குச்சட்டியை விட்டான்.

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் ஆவுடை. வடிவு வீங்கிய தோளை நீவியபடி அவனருகில் உட்கார்ந்தாள்.

"ஏல, மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கவங்களுக்குக் கிழக்கு மேலல்லா கிடக்கு? அவங்க அதை என்னன்னு சொல்லுவாங்க?"