சாட்சி மீன்

நிலவுக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது, மீன் உயிரோடிருக்கிறதா என்றுதான். அதன் பிறகுதான் பல் துலக்கத் தண்ணீர் பிடிப்பார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் குடிநீர்க் குழாயின் கிளை ஒன்று சின்னத் தொட்டியில் சொட்டிக்கொண்டே இருக்கும். அதில் நீந்துவது சாட்சி மீன். தண்ணீரைச் சோதிக்கும் உணர்கருவிகள் பொய் சொல்லிப் பலர் செத்த பிறகு வந்த சட்டம் அது. மீன் செத்தால் வடிகட்டியை மாற்றும்வரை குடும்பத்தைப் பொது முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வசுமதி வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு மீன்கள் செத்துவிட்டன. முகாமின் கழிப்பறை வரிசையில் இன்னொரு முறை நிற்க அவள் தயாராக இல்லை. பழைய தொட்டியை நீர்வாரியம் ஆய்வுக்கு எடுத்துப் போய்விட்டதால், உபரியாகக் கிடந்த இன்னும் சின்னத் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டு மீன் கடைக்குப் போனாள்.

"இத்துனூண்டு தொட்டிக்கு எது தம்பி சரிப்படும்?"

"நியான் மீன் அழகா இருக்கும்க்கா," என்றான் கடைக்கார ஜெபராஜ். "ஆனா தண்ணி லேசா கெட்டாலே போயிடும்."

"சாகாத மீனாக் குடு."

அவன் சிரித்துக்கொண்டே பனையேறிக் கெண்டை ஒன்றை எடுத்தான். "மேல வந்து காத்தைக் குடிச்சுக்கும். சாக்கடையில விட்டாலும் குடும்பம் நடத்தும். உங்க அடுக்கு வீடுகள்ல எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

மனிதர்கள் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் குறுக்குவழியையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

மீன் கொழுத்தது. மகள் நிலானி மெலிந்தாள். தண்ணீர் குடித்தாலே வாந்தி; நகங்களில் நீலம். பயந்துபோன வசுமதி நீர்வாரிய அதிகாரியை வரவழைத்தாள். அவர் நேராகத் தொட்டியிடம் போனார்.

"மீன் ஜம்முனு இருக்கேம்மா. தண்ணியில என்ன கோளாறு?"

"சார், புள்ளையப் பாருங்க சார்!"

"சட்டத்துல புள்ள இல்லம்மா, மீன்தான் இருக்கு. எதிர் அடுக்குல மீனாச் செத்துக்கிட்டு இருக்கு. புது வடிகட்டியெல்லாம் அங்கதான் போகுது. உங்க அடுக்கு ரொம்ப சுத்தம்னு இருக்கிறதையும் கழட்டப்போறோம்."

அவர் போனதும் வசுமதி மீனைத் தூக்கித் தரையில் போட்டாள். அது செவுளை ஊன்றி நடந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நிலவின் குறைந்த ஈர்ப்பில் அதற்கு நடை இன்னும் சுலபம். அடித்துக் கொல்லலாம்; ஆனால் காயம் காட்டிக்கொடுத்துவிடும். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

கடை வாசலில் அவள் அடுக்கே திரண்டு நின்றது.

"தம்பி, அந்த நியான் ஒண்ணு குடு. சீக்கிரம் சாகுறதாப் பாத்து."

"காலையிலயே தீந்துபோச்சுக்கா. எல்லாருக்கும் சாகுற மீன்தான் வேணுமாம்." ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினான். "செத்ததே ஒண்ணு இருக்கு. பரவாயில்லையா?"

வசுமதி அந்தக் குட்டி மீனை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம தண்ணியிலதான் செத்துச்சுன்னு நம்புவாங்களா தம்பி?" என்று கேட்டாள்.