பூஜை மலரின் கடைசி அத்தியாயம்

பத்திரிகை ஆசிரியர் மந்திரா சான்யால் செருப்பைக்கூடக் கழற்றாமல் துப்பறியும் ஹைமந்தி குஹாவின் வீட்டுக்குள் வந்தார்.

"நாவலோட கடைசி அத்தியாயம் காணோம்! சாயங்காலம் அச்சுக்குப் போகலேன்னா துர்கா பூஜை மலர்ல நாவலே இல்ல. கல்கத்தா பூரா 'முழு நாவல்'னு போஸ்டர் ஒட்டியாச்சு."

ஹைமந்தி டீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "யார் மேல சந்தேகம்?"

"என் உதவி ஆசிரியன் தேபேஷ். அவன் எழுதின கதையைப் போன வருஷம் நான் போடல. அந்தக் கோபம். இன்னிக்கு அத்தியாயம் வரலேன்னா அவனுக்கு வேலை இல்ல."

"பிடிச்சிடலாம் மந்திரா தீதி!" ஹைமந்தியின் கொழுந்தன் பல்டு அதற்குள் சட்டையை மாட்டியிருந்தான்.

"பொத்தானை ஒழுங்காப் போடு முதல்ல" என்று எழுந்தார் ஹைமந்தி.

காலேஜ் தெரு அலுவலகத்தில் தேபேஷ் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தான்.

"நேத்து மத்தியானம் கொட்டற மழை. நாவலை எழுதற ஆதிநாத் தாதா வந்தார். கடைசி அத்தியாயம்னு உறையை மேஜைல வெச்சார், உடனே கிளம்பிட்டார். தீதி எதிர்ச்சாரி அச்சகத்துக்குப் போனாங்க. கொஞ்ச நேரத்துல தாதா திரும்பி வந்தார், குடையை மறந்துட்டாராம். தொப்பலா நனைஞ்சிருந்தார். துண்டு எடுக்க உள்ளே போனேன். வந்தா ஆளைக் காணோம், குடையும் இல்ல. தீதி வந்து தேடினப்போ உறையும் இல்ல."

"பிரிச்சுப் பாத்தீங்களா மந்திரா?"

"எங்கே? தினமும் அந்த நேரத்துக்கு அச்சகம் போயாகணும்."

"வழக்கமாவே குடுத்துட்டு உடனே போயிடுவாரா?"

"அவரா! நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உட்கார்ந்திருப்பார். பேனாவைத் தொட்டா சண்டை. ஒரு வரியை அடிச்சதுக்கு மாசக்கணக்குல பேசல."

"அவரை வரச் சொல்லுங்க."

ஆதிநாத் பாதுரி குடையை மடக்கியபடி வந்தார். வெளியே அன்றும் மழைதான்.

"பல்டு, குடையை மறந்துட்டு இப்போ தெருவுல இறங்கினா எப்போ தெரியும்?"

"முதல் சொட்டு தலைல விழுந்ததுமே, அண்ணி."

"இவருக்குத் தொப்பலா நனைஞ்சப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. மந்திரா அச்சகம் போற வரைக்கும் மழையில நின்னிருக்கார். திரும்பி வர ஒரு சாக்கு வேணும், அதுக்குத்தான் குடை. தேபேஷ் துண்டு எடுக்கப் போன நேரத்துல உறையையும் எடுத்துட்டார்."

"தன் கதையைத் தானே திருடுவாரா அண்ணி?"

"ஒரு வரிக்குச் சண்டை போடறவர், முடிவைப் படிக்கறப்போ பக்கத்துல இல்ல. ஏன்னா அந்த உறைக்குள்ள படிக்க ஒண்ணுமே இல்ல. அப்படித்தானே?"

ஆதிநாத் நாற்காலியில் சரிந்தார்.

"வெத்துத் தாள். தொலைஞ்சதைத் திரும்ப எழுதறேன்னு நாலு நாள் வாங்கலாம்னு பாத்தேன். இவன் மாட்டுவான்னு நெனைக்கல. கடைசியில கதாநாயகி சுலேகா சாகணும்னு நீ சொல்லிட்டே, மந்திரா. எழுத உட்கார்ந்தா கை வரல. உன்கிட்ட முடியாதுன்னு யாரு சொல்றது?"

மந்திரா தேபேஷைப் பார்த்தார்.

"தப்பு என்னோடது, தேபேஷ். மன்னிச்சுக்கோ." ஆதிநாத் பக்கம் திரும்பினார். "சுலேகா சாக வேண்டாம் தாதா. ஆனா சாயங்காலத்துக்குள்ள அத்தியாயம் வேணும். இங்கேயே உட்கார்ந்து எழுதுங்க. எதிர்ல நான் இருக்கேன். இந்தத் தடவை நான் பாத்துட்டிருப்பேன்."

ஆதிநாத்தின் கண் வாசல் பக்கம் போனது. தேபேஷ் எழுந்து வந்து அவர் குடையை வாங்கினான். அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கடைசி வரியை எழுதிட்டுக் கேளுங்க தாதா, தரேன்."