மின்சாரத்தைச் சீராக்க வந்தவள்

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. விளக்கு மினுங்கியது...

"எல்லாம் அந்த மூணாவது மாடி இன்ஜினியரம்மா வேலை!" பக்கத்தில் நின்றவன் பல்லைக் கடித்தான். "கரண்டைச் சுத்தம் பண்றேன்னு என் பிரிண்டிங் மெஷின் உயிரை வாங்குறாங்க."

அவள் நனைந்த கூந்தலை ஒதுக்கி நிமிர்ந்தாள். "அந்த அம்மா நான்தான்."

அவன் விழித்தான். இமையோரம் ஒட்டிய மழைத்துளி... கோபத்தில்கூட இவ்வளவு அழகா?

"கரண்டைக் கெடுக்குறதே உங்க மோட்டார்தான் சார். அது அலையை நெளிச்சு விடுது. நான் லைன்ல மாட்டியிருக்குற கண்ட்ரோலர் எதிர் அலை அனுப்பி நிமிர்த்தும். தப்பு வந்தா, சிப்புக்குள்ள இருக்குற சர்க்யூட்டையே மாத்தி எழுதிக்கலாம்."

"வாயையும் அப்படி மாத்தி எழுத முடியுமா?"

சிரிக்கவே கூடாதென்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை...

லிஃப்ட் கிளம்பியது. ஆனால் அன்றிலிருந்து இருவருமே படிக்கட்டில்தான் ஏறினார்கள். தினமும் எதிர்ப்பட்டார்கள், தினமும் சண்டை!

கட்டடம் அவனுடைய அப்பாவுடையது. "அந்தப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்லு" என்று குதித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று அடங்கிப்போனார். பழுது தன் மெஷினில்தான் என்று மகன் ஒப்புக்கொண்டு, ஆர்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, மெஷினையே நிறுத்திவிட்டானாம்.

'நான் சொன்னது சரிதானே!' அவளுக்குள் கர்வம் துள்ளியது.

ஆனால்... மெஷின் நின்ற பிறகும் விளக்கு மினுங்கியது. திக்கென்றது அவளுக்கு. தன் கண்ட்ரோலரை அணைத்தாள். வெளிச்சம் அசையாமல் நின்றது. அவள் அனுப்பிய எதிர் அலை, இமைப்பொழுதில் ஒரு துளி பிந்திப் போய், நிமிர்த்த வேண்டியதை இன்னும் நெளித்திருக்கிறது.

சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? மனசு கேட்கவில்லை. சிப்பை மாற்றி எழுதிவிட்டு, நேரே அவன் அப்பாவிடம் போனாள்.

"தப்பு என்னோடது ஐயா. இப்ப சரி பண்ணிட்டேன். அவர் மெஷினையும் ஓட்டச் சொல்லுங்க."

ஓட்டினார்கள். கட்டடத்தில் ஒரு விளக்குகூடக் கண்சிமிட்டவில்லை.

"அப்ப நீ ஏண்டா பழியை ஏத்துக்கிட்ட?" அப்பா மகனை முறைத்தார். மகனின் காது சிவந்தது. பெரியவருக்குப் புரிந்துவிட்டது. கனைத்துக்கொண்டே வெளியே நடந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை என் மெஷின் ஓடல. அப்பவும் லைட் மினுங்குச்சு."

"தெரிஞ்சுமா...?"

"நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?" அவன் அவள் கண்களைப் பார்த்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க... ரொம்ப."

அவள் தலை குனிந்தாள். "இதைச் சொல்ல ஒரு மெஷினையே நிறுத்தணுமா? என்கிட்ட கேட்டிருந்தா... அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பேனே!"